நபர் ஏழு

கிடா கிடைத்துவிட்டதா? தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. கேட்கக் கூடாது என்றுதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கிடா யார் வீட்டு முருங்கையைத் தின்றது என்று தெரியாமல் மனசு அடங்கவில்லை. கிடைத்துவிட்டதா? நல்லது. இனி நிம்மதியாகப் பேசலாம்.

நான் திருச்சி வரைக்கும். நீங்கள் குளித்தலையா? அப்படியானால் நேரம் இருக்கிறது. காங்கேயமே இன்னும் வரவில்லை.

என்ன செய்கிறேன் என்று கேட்டால், படிக்கிறேன். ஆமாம், நான்தான். முகத்தை அப்படி வைக்காதீர்கள். ஐம்பத்து நாலு வயதில் படிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. தொலைபேசித் துறையில் இருந்தேன். முதலில் கம்பத்தில் ஏறினேன், பிறகு ஏறுகிறவர்களைக் கீழே நின்று திட்டினேன். அப்புறம் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. வீட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என் மனைவி வத்சலா சொன்னாள்: "ஏங்க, எங்கயாவது போய் எதையாவது படிங்களேன்." அவள் வாசகசாலையைச் சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரிவதற்குள் கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்துவிட்டேன். தபாலில் படித்த எம்.ஏ. ஒன்று பெட்டிக்குள் கிடந்தது, உதவியது.

பாடத்தின் பெயர் கணக்கீட்டுச் சமூகவியல். பயப்படாதீர்கள். ஜனங்கள் போனில் எழுதுகிறார்கள், வாழ்த்துகிறார்கள், சண்டை போடுகிறார்கள் இல்லையா? அதையெல்லாம் லட்சக்கணக்கில் அள்ளி கம்ப்யூட்டரில் போட்டு, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற படிப்பு. வத்சலாவிடம் விளக்கினேன். "ரேஷன் கடை வரிசைல நின்னாலே தெரிஞ்சிடுமே" என்றாள். அவளுக்கு அறிவியல் மனப்பான்மை போதாது.

என்னைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்கள் வகுப்பு உதவியாளராகவும் இருக்க வேண்டும். டி.ஏ. என்பார்கள். பாடம் நடத்துவது பேராசிரியை தமயந்தி. பயிற்சி வகுப்பு எடுப்பது, தாள் திருத்துவது, "சார், லேப்டாப் ஆன் ஆகல" என்றால் சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, இதெல்லாம் நான். மேடம் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சிகாமணி சார் என்பார். ஞானசிகாமணி என் பெயர். ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்து நிற்பது என்று முதல் வாரம் முழுக்க நின்றுகொண்டே இருந்தோம். வேலை நடக்கவில்லை.

பிள்ளைகள் முதலில் அங்கிள் என்றார்கள். கண்டித்தேன். சார் ஆனேன். வகுப்புக்கு நான் அனுப்புகிற அறிவிப்புகள் ஒழுங்காக இருக்கும். 'நாளை பத்து மணிக்குப் பயிற்சி வகுப்பு. நிற்க. சார்ஜர் கொண்டுவருவோர் பிளக் அருகே உட்காரவும்.' இந்த மாதிரி. கடிதம் எழுதிப் பழகிய கை. ஒரு விஷயத்திலிருந்து அடுத்த விஷயத்துக்குப் போகும்போது நடுவில் ஒரு நிற்க வேண்டாமா? இந்தப் பிள்ளைகள் எழுதுவதில் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. பல்கலைக்கழகம் முழுவதிலும் நிற்க போட்டு எழுதுகிற ஒரே ஆள் நான்தான் என்று மேடமே ஒருமுறை சொன்னார். பெருமையாக இருந்தது.

நிற்க. என் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

மதுவந்தி. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள். கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. நல்ல பெண். ஒரு நாள் காலை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினாள்: ஹாஸ்டலைக் காலி செய்கிறாளாம். எடமலைப்பட்டிப் புதூரில் தனி வீடு பார்த்தாயிற்றாம். கூடவே ஒரு நாய் வளர்க்கப் போகிறாளாம். பார்த்தாயிற்று, அவ்வளவுதான். பார்க்கட்டுமா அப்பா என்று இல்லை.

நான் பதில் எழுதினேன். எனக்கு மனப்பாடம். சொல்கிறேன், கேளுங்கள். 'உன் இஷ்டம். நீ பெரிய மனுஷி. எங்களைக் கேட்டா எதையும் செய்கிறாய். நிற்க. அந்தப் பக்கம் தண்ணீர் உப்பு, குடிக்க வேறு ஏற்பாடு செய். நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே ஊசி போடு. அப்பா.'

நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன குற்றம்? சொல்ல மாட்டேன் என்கிறீர்களே. சரி. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. 'மதுவந்தி வெளியேறினார்.' அவள் எப்போதுமே அப்படித்தான், மரியாதையாகத்தான் வெளியேறுவாள்.

அதிலிருந்து நாலு மாதமாக என்னோடு பேச்சில்லை. அம்மாவோடு தினமும் பேச்சு. போன் அடித்தால் வத்சலா மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். நான் மாடிப்படியின் கீழே நின்று துணி காய்ந்துவிட்டதா என்று கேட்பேன். புயலில் கம்பி அறுந்த ஊரையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பேச வைத்தவன் நான். என் வீட்டுக்குள் லைன் இல்லை.

நான் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். வத்சலாவும் அதைத்தான் சொன்னாள். எப்படிக் கூப்பிடுவது? யார் மேல் தப்பு என்று முடிவாகாமல் யார் முதலில் கூப்பிடுவது? மகள் பேச வேண்டும் என்று எனக்கும்தான் ஆசை. ஆனால் அதற்கு முன்னால், நான் தப்பு செய்யவில்லை என்று யாராவது சொல்லிவிட வேண்டும். நான் என்னையே கேள்வி கேட்டுக்கொள்கிற ஆள், சும்மா விட மாட்டேன். நடக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் என்னை நானே விசாரித்தேன். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. அதில் திருப்தியில்லாமல் மேல்முறையீடும் செய்தேன். அங்கேயும் நான்தான் இருந்தேன்.

அப்போதுதான் வகுப்பில் அந்தப் பயிற்சி வந்தது.

பாருங்கள், எந்திரத்துக்குத் தானாக எதுவும் தெரியாது. இது அன்பு, இது கோபம் என்று முதலில் நாம் ஆயிரம் செய்திகளுக்கு முத்திரை குத்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். மேடம் ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தார்: அன்பு, அறிவுரை, குத்தல், கோபம், வெறும் தகவல். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் சம்மதம் கேட்டு ஒருவருடைய வாட்ஸப் செய்திகளைக் கொண்டுவர வேண்டும். பெயரை எடுத்துவிட்டு நபர் ஒன்று, நபர் இரண்டு என்று எண் போட வேண்டும். வகுப்பு மொத்தமும் தனித்தனியாக முத்திரை குத்தும். எத்தனை பேர் ஒத்துப்போகிறார்கள் என்று கணக்குப் போடுவோம். ஒரு பெண்ணுடைய மாமா சம்மதித்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார். ஏழாம் எண் காலியானது.

இடத்தைக் காலியாக விட முடியுமா? என் செய்திகளைப் போட்டேன். எனக்கு நானே சம்மதம் கொடுத்தேன். முறைப்படி கையெழுத்துப் போட்டுத்தான். மதுவந்தி வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர். நபர் ஏழு யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இதைவிட நடுநிலையான பஞ்சாயத்து உலகத்தில் எங்கே கிடைக்கும்?

முடிவு வந்த அன்று மேடம் ஓடி வந்தார். "சிகாமணி சார், இங்க பாருங்க! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு மெசேஜ் வந்ததே இல்ல!" பொதுவாக ஒரு செய்திக்குப் பாதிப் பேர் ஒன்று சொல்வார்கள், மீதிப் பேர் வேறு சொல்வார்கள். இந்த ஒரு செய்திக்கு மட்டும் வகுப்பு மொத்தமும் ஒரே முத்திரை. குத்தல். நாற்பது பேரும். விதிவிலக்காக ஒரே ஒருவர் அன்பு என்று போட்டிருந்தார். "இது யாரு சார், தூங்கிட்டாங்களா?" என்றார் மேடம். டி.ஏ.வும் பயிற்சிக்காக முத்திரை குத்த வேண்டும் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

அந்தச் செய்தியைத் திரையில் பெரிதாகப் போட்டு வகுப்பில் விவாதம். என்னை நடத்தச் சொன்னார். நான் நடுநிலையோடுதான் ஆரம்பித்தேன்.

"நபர் ஏழு ஊசி போடச் சொல்கிறாரே, அது அக்கறை இல்லையா?" என்றேன்.

ஷிபானா என்று ஒரு பெண், முன் வரிசை. "சார், நாய் வர்றதுக்கு முன்னாடியே கடிக்கும்னு சொல்றது அக்கறையா?"

"முன்யோசனை" என்றேன்.

"அந்த நாயைவிட நபர் ஏழுதான் சார் கடிக்கிறாரு" என்றான் லோகதர்ஷன். கடைசி பெஞ்ச். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

"தண்ணீர் உப்பு என்று சொல்லியிருக்கிறாரே? அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதற்கு எவ்வளவு சிரமப்பட்டாரோ! அவர் மனசு உங்களுக்குத் தெரியுமா? அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா என்றாவது தெரியுமா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லோகதர்ஷன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ஷிபானா மெதுவாகக் கேட்டாள்: "நபர் ஏழு அன்னைக்குச் சாப்பிடலையா சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? பொதுவாகச் சொன்னேன்" என்றேன். சமாளிப்பதில் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. நாற்பது பேரும் தப்பாகவா சொல்வார்கள்? ஒரு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். விடியும்போது தெளிவு வந்தது. ஆமாம், தப்பாகத்தான் சொல்கிறார்கள். காரணம், வழிகாட்டி சரியில்லை. எதை அன்பு என்பது, எதைக் குத்தல் என்பது என்று விதிகள் எழுதிக் கொடுப்போம் இல்லையா, அதற்குத்தான் வழிகாட்டி என்று பெயர். அதை எழுதுவது டி.ஏ.வின் வேலை. பதினொன்றாம் விதி ஒன்றைச் சேர்த்தேன். 'செய்தியில் தண்ணீர், உணவு, மருந்து, ஊசி பற்றிய அக்கறை இருந்தால், தொடக்க வாக்கியங்கள் எப்படி இருப்பினும் அன்பு எனக் கொள்க.' இது எனக்காக இல்லை. அறிவியலுக்காக.

பிள்ளைகள் விதிப்படி எல்லாச் செய்திகளுக்கும் மறுபடி முத்திரை குத்தினார்கள். நபர் ஏழுக்கு நாற்பது அன்பு. அன்றைக்கு நான் கேன்டீனில் எனக்கு நானே ஒரு பால்பன் வாங்கிச் சாப்பிட்டேன். வத்சலாவிடம் சொன்னேன்: "விஞ்ஞான ரீதியாக முடிவாகிவிட்டது, நான் எழுதியது அன்புதான்." அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இதை அவகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள். முடிவை முறைப்படி வெளியிட வேண்டாமா என்றேன்.

வெளியிட்டார்கள். துறையில் ஒரு கண்காட்சி. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். பிள்ளைகள் எந்திரத்தைக் காட்டினார்கள்: எந்த வாக்கியத்தைத் தட்டினாலும் அது என்ன வகை என்று சொல்லும். லோகதர்ஷன், அவனுக்கு வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது, 'நீயெல்லாம் உருப்படவே மாட்டே, தண்ணி குடி' என்று தட்டினான். அன்பு என்றது எந்திரம். நிபுணர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவரே உட்கார்ந்து, 'உன் காலை உடைப்பேன், மாத்திரை போட்டுக்கொள்' என்று தட்டினார். அன்பு. மிக உறுதியான அன்பு. பக்கத்தில் பச்சை விளக்கு வேறு எரிந்தது.

"இந்த ஊர்ப் பக்கம் இப்படித்தானா?" என்று கேட்டார் நிபுணர்.

மேடம் தண்ணீர் குடித்தார்.

காங்கேயமா இது? வெள்ளரிக்காய் வேண்டுமா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். பஸ்ஸில் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று மதுவந்தி சின்ன வயதில் என்னைக் கண்டிப்பாள். நான் அவளிடம் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்வாள்.

நிற்க. அடுத்த நாள் மேடம் அறைக்குக் கூப்பிட்டார். நான் உட்காரவில்லை. அவரும் எழுந்துவிட்டார். இருவரும் நின்றபடி பேசினோம்.

"சிகாமணி சார், பதினொன்றாம் விதி யாரு எழுதினது?"

"வழிகாட்டிக் குழு, மேடம்."

"குழுவில யாரெல்லாம் இருக்காங்க?"

"நான்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சார், அந்த மெசேஜைப் படிச்சவங்க நாற்பது பேரைக் கேட்டோம். எழுதினவர் பக்கம் நீங்க இந்த செமஸ்டர் முழுக்க வாதாடிட்டீங்க. அது யாருக்கு வந்துச்சோ அவங்களை யாராவது கேட்டோமா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. எங்கள் முறையில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க. அவங்க என்ன முத்திரை குத்துறாங்களோ அதுதான் கடைசி. அதுவரைக்கும் அந்த வரி காலியா இருக்கட்டும். கேட்காம வந்தீங்கன்னா அடுத்த செமஸ்டருக்கு வேற டி.ஏ. பார்த்துக்குவேன்."

"யாரென்று கேட்பது மேடம்? பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டோமே."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார். "கண்டுபிடிங்க சார். ஆராய்ச்சி மாணவர்தானே நீங்க."

நல்லவேளை, அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆகையால், மகளைப் பார்க்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். இது களப்பணி. இதோ பாருங்கள், சம்மதப் படிவம், ஐந்து கட்டம் போட்ட தாள், பேனா இரண்டு. இந்தப் பொட்டலமா? அது நாய் பிஸ்கட். நான் வாங்கவில்லை, ஷிபானா கொடுத்தாள். "நபர் ஏழைப் பார்த்தா குடுத்துடுங்க சார்" என்றாள். நபர் ஏழுக்கு நாய் பிடிக்காதே என்றேன். "நாய்க்கு அவரைப் பிடிச்சாப் போதும் சார்" என்றாள். லோகதர்ஷன் என் மேஜையில் ஒரு சாக்லேட் வைத்து, மேலே 'நபர் ஏழுக்கு, ஆல் தி பெஸ்ட்' என்று எழுதி ஒட்டியிருந்தான். தரவுகளை வைத்திருப்பவன் நான் என்பதால் என் மேஜையில் வைத்திருக்கிறான். முகம் தெரியாத ஒருவர்மேல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பாசம்! ஆச்சரியமாக இருந்தது. சாக்லேட்டைச் சாப்பிட்டுவிட்டேன். வீணாகக் கூடாது.

ஊசியும் போட்டுக்கொண்டேன். கையைக் கேட்காதீர்கள், இன்னும் வலிக்கிறது. நர்ஸ் கேட்டாள், "எங்க கடிச்சது?" இன்னும் கடிக்கவில்லை, சனிக்கிழமை என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். வத்சலா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றாள்.

இது நான் வாங்கியது. உக்கடத்தில் வாங்கினேன். நாய்ச் சங்கிலி. தூக்கிப் பாருங்கள், எஃகு. ஆட்டை, மாட்டை எதை வேண்டுமானாலும் கட்டலாம். தனியாக இருக்கிற பெண், ஒரு பாதுகாப்பு வேண்டாமா? நாயிடமிருந்துதான்.

அவளுக்கு முறைப்படி தகவல் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமையே எழுதிவிட்டேன். 'அன்புள்ள மதுவந்திக்கு, பல்கலைக்கழக ஆய்வு தொடர்பாகச் சனிக்கிழமை தங்களைச் சந்திக்க வேண்டியுள்ளது. நிற்க. நாய்க்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்?' வத்சலா எட்டிப் பார்த்தாள். "தங்களையா?" என்று சிரித்தாள். ஆய்வு என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்றேன். பெயரை எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கை எழுதிவிட்டது.

பதில் இல்லை. பார்த்துவிட்டாள், நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டன. ஆனாலும் பதில் இல்லை. அதனால்தான் வழியெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் இல்லாவிட்டால் என்ன செய்வது? கதவைத் திறக்காவிட்டால்? வாசலில் நின்றுகொண்டு படிவத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினால் அது செல்லுமா, செல்லாதா? மேடத்திடம் கேட்க மறந்துவிட்டேன். திறந்தாலும், முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை என்ன சொல்வது? இத்தனை விதி எழுதினேனே, அதற்கு ஒரு விதி இல்லை.

கொஞ்சம் தூங்குங்கள். நானும் பேசாமல் வருகிறேன்.

தூங்கிவிட்டீர்களா? எழுந்திருங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், மாயனூர் தாண்டிவிட்டோம், எப்படியும் நீங்கள் எழ வேண்டும். பதில் வந்திருக்கிறது. என் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, நீங்களே படியுங்கள். சத்தமாகப் படியுங்கள், பரவாயில்லை.

'வாங்க. நிற்க. பேர் ஊசி. கட்டிப்போட மாட்டேன், பயப்படாம வரணும். தண்ணி உப்புதான். உங்களுக்குக் கேன் வாங்கி வெச்சிருக்கேன்.'

இன்னொரு தடவை படியுங்கள்.

ஊசி. என்ன பெயர் இது? ஒல்லியான நாயாக இருக்கும்.

நிற்க போட்டிருக்கிறாள் பார்த்தீர்களா? எவ்வளவு தெளிவாக இருக்கிறது! என் மாணவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். சரி, நீங்கள் வெளி ஆள், நடுநிலையானவர், சொல்லுங்கள். இது எந்தக் கட்டம்? குத்தலா, அன்பா? 'பயப்படாம வரணும்' என்பதைப் பார்த்தால் குத்தல். ஆனால் கேன் வாங்கி வைத்திருக்கிறாள். பதினொன்றாம் விதிப்படி அது... அந்த விதியை எடுத்துவிட்டார்கள். என்ன சொன்னீர்கள்?

இரண்டுமா?

இரண்டும் என்று எங்களிடம் கட்டம் இல்லையே. ஐந்தில் ஒன்றைத்தான் குத்த வேண்டும். இத்தனை மாதம் நாற்பது பேரும் நானும் ஒன்றைத்தானே குத்திக்கொண்டிருந்தோம். இருங்கள், தாளில் கீழே இடம் இருக்கிறது. பேனாவால் ஆறாவதாக ஒரு கட்டம் போடுகிறேன். பஸ் ஆடுகிறது, கோணல்மாணலாகத்தான் வரும். பெயர் எழுத வேண்டாம், சும்மா இருக்கட்டும். அவள் பார்த்துக்கொள்ளட்டும். மேடம் திட்டுவார். திட்டினால் திட்டட்டும்.

இப்போது பதில் எழுத வேண்டும். 'குளித்தலை வந்துவிட்டேன். நிற்க.' அதற்குப் பிறகு என்ன எழுதுவது? ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. இப்படியே அனுப்பினால் என்ன நினைப்பாள்? நிற்க போட்டால் பின்னால் ஏதாவது வர வேண்டுமே. உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். ஐயோ, அனுப்பிவிட்டேன். விரல் பட்டுவிட்டது.

பாலம் தெரிகிறது, உங்கள் ஊர்தான். எழுந்திருங்கள், கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். பை எடுத்துக்கொண்டீர்களா? இருங்கள், இருங்கள், இதையும் பிடியுங்கள். உங்கள் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது என்றீர்களே. இல்லை, எனக்கு வேண்டாம். பாரமாக இருக்கிறது, அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. அட, இறங்கிவிட்டாரே! கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்கள்! சார்! குளித்தலை சார்! சங்கிலி!